பதினான்காவது வரிசை

வைஃபை அமைத்துப் பராமரிக்கும் எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணியக்கா என்றால்தான் தெரியும். கம்பெனி கொடுத்த ஏணி ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் வழுக்கி, முழங்கால் சில்லு பெயர்ந்துபோனதிலிருந்து, தன் சொந்த ஏணியை வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டுதான் எங்கும் போவார். நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்ப்பார். முதல்முறை பார்ப்பவர்கள் திமிர் என்று நினைப்பார்கள். வெள்ளைத் தட்டு மாதிரி மேலே ஒட்டியிருக்கும் வைஃபை பெட்டி எங்கே என்று கண் தேடுகிறது, அவ்வளவுதான்.

நான் அங்கே புகார்த் தொலைபேசி எடுப்பவள். அழைப்பவர் சொல்வதை எழுதி, யார் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது என் வேலை. பதினொரு வருடத்தில் நான் எழுதிய புகார்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான்: வைஃபை வேலை செய்யவில்லை. எங்கே, எப்போது, எத்தனை பேருக்கு என்று கேட்டால் கோபம் வரும். "அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிடறோம்" என்பார்கள். நியாயம்தான். அந்த ஒற்றை வாக்கியத்தை அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு நான் அடுத்த அழைப்பை எடுப்பேன். மிச்சம் அவர் பாடு.

அக்கா டிப்ளமோ முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தபோது எல்லாம் வயர்தான். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளை நிறம் பார்த்து அடுக்கி, இடுக்கியால் நெரித்து, ஒரு நாளைக்கு இருநூறு முனை போடுவார். கட்டைவிரல் நகம் அன்றைக்குத் தேய்ந்தது இன்றும் வளரவில்லை. "அறுந்தா அறுந்த இடம் கையில கிடைக்கும். இப்போ காத்துல எங்கன்னு போய்த் தேட" என்பார். தேடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது வேறு விஷயம். ஒரு பல் மருத்துவர் அறையில் தினமும் பகல் ஒரு மணிக்கு இணைப்பு போனது. மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள். அக்கா ஒரு மணி வரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்து அறையில் சாப்பாடு சூடுபண்ணும் மைக்ரோவேவ் அடுப்பு ஓடியதும் இணைப்பு போனது. அடுப்பை இடம் மாற்றிவிட்டு வந்தார்.

வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடாது. "ஊருக்கெல்லாம் சரி பண்றே, நம்ம படுக்கையறையில மூணு வருஷமா சுத்திக்கிட்டே இருக்கு" என்பார் அவர் கணவர். பள்ளி வேன் ஓட்டுபவர். முதுகுத் தண்டில் அறுவை நடந்த பிறகு பாதி நாள்தான் ஓட்டுகிறார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா படுக்கையறை வைஃபையைச் சரிசெய்யப்போவதாகச் சொல்வார். சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

நான் சொல்ல வந்தது கிடங்கு விவகாரம்.

நகரத்தின் ஓரத்தில் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்று எங்கள் வாடிக்கையாளர். இருபத்திரண்டு வரிசை இரும்பு அடுக்குகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். அங்கே வேலை செய்பவர்கள் கையில் ஆளுக்கொரு ஸ்கேனர். எந்த அடுக்கில் எந்தச் சாமானை எடுக்க வேண்டும் என்று திரையில் வரும். எடுத்துவிட்டு அதன் பார்கோடு பட்டையை ஸ்கேனருக்குக் காட்டினால் பீப் என்று ஒலித்து அடுத்தது வரும். எல்லாம் வைஃபையில் ஓடுவது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு ஸ்கேனரிலிருந்து தகவல் வராவிட்டால், அதை வைத்திருப்பவர் சும்மா இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியல் மேலாளர் மேசைக்குப் போகும்.

அப்படிப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்த மூன்று பெண்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. இரண்டு பேர் அவமானம் தாங்காமல் தாங்களாகவே நின்றுவிட்டார்கள். மூன்றாமவள் நிற்கவில்லை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம் என்பதால் கிடங்கில் அவளை நெட்டை என்பார்கள். ஸ்கேனர்தான் நின்றுபோகிறது, நான் நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். விசாரணைக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். அதற்குள் நெட்வொர்க்கில் குறை எதுவும் இல்லை என்று எங்களிடம் ஒரு சான்று கேட்டார்கள்.

எங்கள் முதலாளியின் மகனைச் சின்னவர் என்போம். அவர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார், "அரை நாள் வேலைக்கா. ஒரு சுத்து சுத்துங்க, நாலு ஸ்கிரீன்ஷாட் எடுங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க."

செவ்வாய்க்கிழமை காலை அக்கா போனார். மேலாளர் மரியாதையான மனிதர். தானே தேநீர் கொண்டுவந்து கொடுத்து, திரையில் வரைபடத்தைக் காட்டினார். "பாருங்க மேடம். சிக்னல் எல்லா இடத்துலயும் பச்சை. இவங்க மட்டும் சிவப்பு. எனக்கும் யாரையும் அனுப்பணும்னு ஆசை இல்ல. ஆனா மிஷின் பொய் சொல்லாதே."

அக்கா ஒரு ஸ்கேனரை வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு வரிசையும் நடந்தார். திரையின் மூலையில் சிக்னலைக் காட்டும் ஐந்து கோடுகளும் எல்லா இடத்திலும் முழுசாக இருந்தன. நடைபாதை நடுவில் நின்று பட்டையைக் காட்டினால் பீப் என்றது. மணி பதினொன்று. முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து படிவத்தைப் பாதிவரை நிரப்பினார். "அப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன். தாகமா இருந்துச்சு, அதனாலதான் எழுந்தேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தண்ணீர்க் குழாய் இருந்தது அட்டைப்பெட்டி மடிக்கும் அறையில். விசாரணை முடியும்வரை நெட்டையை அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். அக்காவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதான் சிக்னல் பாக்க வந்தவங்களா?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்குன்னுதானே எழுதப்போறீங்க."

அக்கா தண்ணீரைக் குடித்து முடித்தார். "கோடு அஞ்சும் இருக்கே."

"நான் எப்போ இல்லன்னு சொன்னேன்? அஞ்சும் இருக்கும். அமுக்கினா சுத்திக்கிட்டே இருக்கும். மேல கையைத் தூக்கிக் காட்டினா சில நேரம் போகும். இல்லன்னா வரிசை முனைக்கு நடந்து போகணும். போயிட்டு வர்றதுக்குள்ள அஞ்சு நிமிஷம் ஆயிடும். அதைச் சொன்னா, கோடு இருக்கே, கோடு இருக்கேங்கறாங்க. எனக்கு அந்தக் கோடு மேலயே வெறுப்பா வருது."

இருபது வருடத்தில் அக்கா இந்த மாதிரி எத்தனையோ கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு கதை சொல்வார்கள், பாதி தப்பாக இருக்கும். ஆனால் யாரும் இடம் சொல்ல மாட்டார்கள்.

"எங்க நிக்கும்போது?"

"பதினாலாவது வரிசை. எங்க மூணு பேருக்கும் அதுதான். நடுவுல. கீழ் அடுக்குல எடுக்கக் குனிஞ்சா."

நெட்டை தன் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். பெட்டி மூடியைக் கிழித்த துண்டு. கடைசி மூன்று வாரமாக ஸ்கேனர் நின்ற நேரமெல்லாம் பேனாவால் குறித்திருந்தாள். தேதி, மணி, நிமிடம், வரிசை. நாற்பத்தொரு குறிப்புகள். "இதை யாரும் வாங்கிப் பாக்கல. நீங்களாவது வச்சுக்கங்க" என்றாள்.

அக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டு பதினான்காவது வரிசைக்குத் திரும்பப் போனார். காலையில் நடைபாதை நடுவில் நிமிர்ந்து நின்றுதான் சோதித்திருந்தார். வேலை செய்பவர்கள் அப்படி நிற்பதில்லை. ஒரு கையால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியோடு குனிந்து, ஸ்கேனரை அடுக்குக்குள் நீட்டி, ஒரு கேனின் பட்டையைக் காட்டினார். வட்டம் சுற்றியது. கோடு அப்போதும் ஐந்து. மறுபடி அமுக்கினார். சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு எழ முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அடுக்கில் இருந்த சரக்கு கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் உச்சி வரை திரவ சோப்பு, ஐந்து லிட்டர் கேன்கள். ஆயிரக்கணக்கில். தண்ணீர் இருக்கும் எதுவும் வைஃபை அலையைக் குடித்துவிடும் என்பது இந்தத் தொழிலில் முதல் வருடம் படிக்கிற பாடம்.

நான்கு வருடத்துக்கு முன் இந்தக் கட்டடத்தை அளந்து எந்தப் பெட்டி எங்கே தொங்க வேண்டும் என்று புள்ளி வைத்தவர் அக்காதான். அப்போது அடுக்குகளில் ஒரு பொட்டலம்கூட இல்லை. செருப்புச் சத்தம் எதிரொலிக்கும் வெறும் கூடத்தில் தனியாக நடந்து அளந்தார். அறிக்கையில் அவர் கையெழுத்து இருந்தது. அதற்குப் பிறகு முதலில் வந்தது காகிதச் சரக்கு. அலை எளிதாக ஊடுருவும், குறை தெரியவில்லை. சோப்பு வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது.

அது மட்டும் என்றால் கோடு குறைந்திருக்க வேண்டுமே. ஏன் முழுசாகக் காட்டுகிறது? அக்கா மடிக்கணினியைத் திறந்து அந்த வரிசைக்கு மேலே தொங்கும் பெட்டியின் அமைப்பைப் பார்த்தார். அலையை அனுப்பும் பவர் உச்சத்தில் இருந்தது. மற்ற எல்லாப் பெட்டிகளும் நடுத்தரத்தில். யார் ஏற்றியது என்று மாற்றப் பதிவைத் தேடினார். எட்டு மாதத்துக்கு முன், ஒரு திங்கள்கிழமை, காலை பத்து நாற்பது. ஏற்றியவர் பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயரே இருந்தது.

அந்தத் திங்கள்கிழமை எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது, பதினாலாவது வரிசையில் கோடு குறைகிறது என்று. அக்கா விடுப்பில் இருந்தார். கணவருக்கு முதுகில் அறுவை. வேறு ஆள் இல்லாததால் நான் அவருக்குத்தான் அனுப்பினேன். அறுவை அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு, பெட்டியின் பவரை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, "பாக்கச் சொல்லு" என்று எனக்குச் செய்தி போட்டார். கோடு முழுசாகிவிட்டது என்று கிடங்கில் சொன்னார்கள். நான்கே நிமிடத்தில் புகார் முடிந்தது. அக்கா மாதிரி உண்டா என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் செய்தது என்ன என்பதை அவர் எனக்கு விளக்கியபடியே சொல்கிறேன். ஸ்கேனரில் தெரியும் கோடு, மேலே இருக்கும் பெட்டி பேசுவது ஸ்கேனருக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். ஸ்கேனர் பதிலுக்குப் பேசுவது பெட்டிக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது. பவரை ஏற்றியதும் பெட்டியின் குரல் சோப்புக் கேன்களைத் தாண்டி வந்துவிட்டது. கையளவு ஸ்கேனரின் சின்னக் குரல் திரும்பிப் போகவில்லை. பதினாறாவது வரிசையில் இன்னொரு பெட்டி இருந்தது, அதற்கு மாறியிருந்தால் தகவல் போயிருக்கும். ஆனால் இந்தப் பெட்டி இவ்வளவு பலமாகக் கேட்கும்போது ஸ்கேனர் எதற்கு மாறப்போகிறது? ஒட்டிக்கொண்டே கிடந்தது. முன்பு கோடு குறைந்தபோது, சிக்னல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பினார்கள். கோடு முழுசான பிறகு அந்தப் பெண்களை நம்ப ஒருவரும் இல்லை.

புதன்கிழமை முழுவதும் அக்கா அலுவலகத்தில் உட்கார்ந்து, அட்டைத் துண்டில் இருந்த நேரங்களைப் பெட்டியின் பதிவோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு குறிப்புகள் நிமிடம் பிசகாமல் பொருந்தின. அந்த நேரங்களில் ஸ்கேனர் ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பப் பார்த்துத் தோற்றிருந்தது. மூன்று மட்டும் பொருந்தவில்லை.

"அந்த மூணை விட்டுடலாமே" என்றேன்.

"எதுக்கு? இருக்கட்டும். முப்பத்தெட்டு போதும்."

சின்னவரிடம் போய்ச் சொன்னார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. அவர் கத்தவில்லை. பொறுமையாகத்தான் பேசினார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். இன்னிக்கே பவரைக் குறைச்சுடுங்க. ரெண்டு பெட்டி கூடுதலா நான் தர்றேன், அடுக்கு முனையில தாழ்வா மாட்டிடுங்க. நாளைக்கு அளந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கும். நெட்வொர்க்குல குறை இல்லன்னு எழுதுங்க. அது பொய்யும் இல்ல."

"நாளைக்குக் குறை இருக்காது சார். எட்டு மாசமா இருந்துச்சே."

"எட்டு மாசத்தைப் பத்தி யாரும் கேக்கலையே."

"அந்தப் பொண்ணு கேக்குது."

நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சின்னவர் சொன்னார், "பவரை ஏத்தினது யாருன்னும் எழுதுவீங்களா? உங்க பேரு வரும். நாலு வருஷத்துக்கு முந்தி அளந்ததும் நீங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா, என்னால உங்களுக்காகப் பேச முடியாதுக்கா."

"தெரியும் சார். யோசிக்கிறேன்."

வெளியே வந்து என் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டார். சின்னவர் சொன்னது தப்பில்லை என்பதுதான் சிக்கல். அவர் சொன்னபடி எழுதினால் ஒரு எழுத்துகூடப் பொய்யாக இருக்காது. அக்காவின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

"அன்னிக்கு நான்தான்க்கா உங்களுக்கு அனுப்பினேன்" என்றேன்.

"நீ அனுப்பின. நான் பாக்காம ஏத்தினேன். ரெண்டும் ஒண்ணா? போய் ஃபோனை எடு, அடிக்குது."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். கணவர் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் முதுகு பிடிக்கிறது என்று எல்லா வேலையும் நின்றபடிதான். அக்கா கதவுநிலையில் சாய்ந்து, நடந்ததைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டிருந்தியே, அதுவா?"

"நீங்க பாத்தீங்களா?"

"உள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போது திரும்பிப் பாத்தேன். நீ அதைப் பாத்துக்கிட்டிருந்தே."

எட்டு மாதத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. குத்திக்காட்டும் குரலும் இல்லை. வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எழுதினா வேலை போயிடுமா?"

"போகாதுன்னு நினைக்கிறேன். ஓரங்கட்டுவாங்க. கடை, வீடுன்னு சில்லறை வேலைக்கு அனுப்புவாங்க."

"இப்போ மட்டும் என்ன சிம்மாசனத்துலயா உக்காந்திருக்கே. எழுதிடு. எழுதலன்னா ராத்திரி முழுக்க புரண்டுக்கிட்டே இருப்பே, என்னையும் தூங்க விடமாட்டே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்திருக்கலாம். வெங்காயம் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை கிடங்குக்குப் போய் பவரைக் குறைத்தார். இரண்டு புதிய பெட்டிகளை அடுக்கு முனைகளில் ஆள் உயரத்தில் மாட்டினார். ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து, கீழ் அடுக்கில் ஸ்கேனரை நீட்டி, பீப் கேட்கும்வரை நகரவில்லை. மூட்டு வலிக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார். மதியம் மூன்று மணிக்கு இரண்டு பக்க அறிக்கையை மேலாளர் மேசையில் வைத்தார். முதல் பக்கத்தில் என்ன குறை, எத்தனை மாதம். இரண்டாம் பக்கத்தில் அது எப்படி வந்தது. "காலிக் கட்டடத்தில் அளந்து, சரக்கு வந்த பின் மறுபடி அளக்காமல் விட்டதும், நேரில் பார்க்காமல் பவரை ஏற்றியதும் நான்" என்று ஒரு வரி. முப்பத்தெட்டு பொருந்தியதும் மூன்று பொருந்தாததும் இருந்தன.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "மேடம், நாங்க கேட்டது இது இல்லையே."

"தெரியும் சார்."

"இதை ஃபைல்ல வச்சா, நின்னுபோன ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். மேலிடத்துல என்னைக் கேப்பாங்க, ஏன் மிஷினை நம்பினேன்னு."

"ஆமா சார். கேப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ரப்பர் முத்திரையை எடுத்துப் பெறப்பட்டது என்று குத்தினார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அக்காவையும் கூப்பிட்டார்கள். நீள மேசையின் அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் தனியாக நெட்டை. அக்கா பத்து நிமிடம் பேசினார். அட்டைத் துண்டை மேசையில் வைத்து, பதிவை அதன் பக்கத்தில் வைத்தார். கேள்விகள் அதிகம் வரவில்லை. எச்சரிக்கை ரத்து, திங்கள்கிழமையிலிருந்து பழைய வரிசைக்கே போகலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

வெளியே நடையில் நெட்டை நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொன்னார். கொஞ்சம் எதிர்பார்த்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

"அப்போ உங்களாலதானா?" என்று கேட்டாள் நெட்டை.

"ஆமா."

"எட்டு மாசம். தினமும் வீட்டுக்குப் போய், நான் சும்மா நிக்கலன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். என் அம்மாகூட, நீ கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கக் கூடாதான்னு கேட்டாங்க. நானே ஒருநாள் யோசிச்சேன், நிஜமாவே நான்தான் மெதுவா இருக்கேனோன்னு."

அக்கா கூரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தப்புதான்" என்றார்.

நெட்டை தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினாள். பாதியில் நின்று, திரும்பாமலே சொன்னாள், "ஆனா எழுதினீங்களே." போய்விட்டாள்.

அடுத்த வாரமே கிடங்கு வேறு ஆளிடம் போயிற்று. அக்காவுக்குப் பல் மருத்துவர்கள், தையல் கடைகள், மூன்றாம் மாடி வீடுகள். சின்னவர் நான்கு மாதம் அவரிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினார். பிறகு ஒருநாள் பழையபடி அக்கா என்றார். ஒன்றும் பெரிதாக உடைந்துவிடவில்லை, ஒன்றும் சரியாகவும் இல்லை. அப்படியே ஓடியது.

நின்றுபோன இருவரில் ஒருத்தி கிடங்குக்குத் திரும்பி வந்துவிட்டாள். இன்னொருத்தியைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை என்று கிடங்கில் கைகழுவிவிட்டார்கள். அக்கா நெட்டையிடம் கேட்டு முகவரி வாங்கினார். ஒரு சனிக்கிழமை மதியம் அவர் கிளம்பியபோது, நானும் வருகிறேன் என்றேன். வராதே என்று அவர் சொல்லவில்லை.

அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குள்ளமான, அமைதியான பெண். நீராவியில் முகம் நனைந்திருந்தது. அக்கா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஒரு சட்டையின் இரண்டு கைகளும் முடிந்தன.

"அங்க மறுபடி வர மாட்டேன். இங்க பழகிடுச்சு" என்றாள். சட்டையை மடித்து வைத்தாள். "நீங்க எழுதின அந்தக் காகிதத்துல ஒரு நகல் கிடைக்குமா?"

அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து துணி கேட்டார். நான் போய் எடுத்துக் கொடுத்தேன்.

"இந்த வரி புரியல. பவர்னு இருக்கே."

அக்கா அவள் பக்கத்தில் போய் நின்று, விரலால் வரியைத் தொட்டு விளக்கினார். பெட்டி பேசுவது உனக்குக் கேட்டது, நீ பேசியது பெட்டிக்குக் கேட்கவில்லை என்றார். அவள் மறுபடி ஒருமுறை அந்த வரியைப் படித்தாள்.

"எங்கண்ணன் வீட்டுலதான் இருக்கேன். ஒரு இடத்துல ஒழுங்கா வேலை செய்யத் துப்பில்லைன்னு இன்னிக்கும் காலையில சொன்னாரு" என்றாள். காகிதத்தை இஸ்திரி மேசையில் விரித்து, சூடு குறைந்த பெட்டியால் மடிப்புகளை ஒருமுறை நீவினாள். பிறகு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தோம். வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா இருக்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். என் கைப்பேசி அடித்தது, சனிக்கிழமைகளில் அலுவலக அழைப்புகள் எனக்குத்தான் திருப்பி விடப்படும். ஒரு அச்சகத்திலிருந்து. வைஃபை வேலை செய்யவில்லை.

"எங்கேன்னு கேளு" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.